பாலிசி முடியும் இடத்தில் பட்டா

“இன்சூரன்ஸ் இருக்குங்க அய்யா.” எங்கள் வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காருகிறவர்கள் பெயரைச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்வார்கள். தஞ்சாவூர் கோர்ட்டில் நான் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நடப்பில் இருந்தது. இப்போது இருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு காலத்திலும் ஆக்சிடென்ட் கேஸ் கட்டுகளைச் சுமந்தவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: “எந்த இன்சூரன்ஸ்? பேப்பரை முழுசாக் கொண்டாந்தீங்களா?”

முழுசாகக் கொண்டுவருகிறவர் குறைவு. வழியில் போலீஸ் மடக்கினால் காட்டுவதற்காக முதல் பக்கத்தை மட்டும் போனில் படம் பிடித்து வைத்திருப்பார்கள். வண்டி நம்பரும் முடிகிற தேதியும் அதில் தெரியும். பிரீமியம் எந்தெந்த இனத்துக்கு வாங்கப்பட்டது என்ற பட்டியல் பெரும்பாலும் அந்தப் படத்தில் விழுந்திருக்காது. கேஸின் தலையெழுத்து அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

சட்டம் கட்டாயம் என்று சொல்வது தர்ட் பார்ட்டி காப்பீட்டை மட்டும். வண்டிக்காரரும் கம்பெனியும் போக, அந்த வண்டியால் ரோட்டில் அடிபடுகிற பிறர்தான் மூன்றாமவர். சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறவர், சைக்கிளில் பால் ஊற்றப் போகிறவர், எதிரே பைக்கில் வந்தவர். இவர்கள் உயிர் போனாலோ கைகால் போனாலோ, தீர்ப்பாயம் எவ்வளவு போடுகிறதோ அவ்வளவையும் கம்பெனி கட்ட வேண்டும்; உச்சவரம்பு இல்லை. பழைய சட்டத்தில் லாரிக்கு வரம்பு இருந்தது. 1982-இல் உயர்த்திய பிறகும் அது ஒன்றரை லட்சம்தான். அதற்கு மேல் போனால் லாரி முதலாளி பாடு. அந்த வரம்பு ஒழிந்தது. பற்றாக்குறை ஒழியவில்லை, வேறு வாசல் வழியாக வருகிறது.

ஒரு வாசல், பொருள் சேதம். அதற்கு மட்டும் இன்றைக்கும் வரம்பு உண்டு: காருக்கு ஏழரை லட்சம். இந்த ஏழரை லட்சம் வேண்டாம், சட்டம் சொல்லும் 6,000 ரூபாய் போதும் என்று எழுதிக்கொடுத்தால் பிரீமியத்தில் 100 ரூபாய் தள்ளுபடி. அப்படி நூறு ரூபாய் மிச்சம் பிடித்த கார் ஒன்று கடைத்தெருவில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடைக்குள் போய் நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட வக்கீல் தேவையில்லை.

பெரிய வாசல், காருக்குள் உட்கார்ந்திருக்கிறவர்கள். வெறும் தர்ட் பார்ட்டி பாலிசியை நாங்கள் ஆக்ட் பாலிசி என்போம். சொந்தக் காரில் சும்மா கூட்டிப்போகிற அக்கா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கும் ஆக்ட் பாலிசியில் இடம் கிடையாது. பைக்கின் பின்சீட்டில் இருப்பவருக்கும் அதே கதை. உச்ச நீதிமன்றம் 2006-இலேயே சொல்லிவிட்டது. பேக்கேஜ் பாலிசி என்றால் இவர்களுக்கு உண்டு. 2009 நவம்பரில் காப்பீட்டு ஆணையம் சுற்றறிக்கை அனுப்பி அதைத் தெளிவாக்கியது. ஊரில் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்கிறார்களே, அது இந்தப் பேக்கேஜ்தான். கார் பழசானதும் ஜனங்கள் முதலில் வெட்டுவதும் இதைத்தான். “பத்து வருஷ வண்டிக்கு எதுக்குங்க ஃபுல்லு?” என்பார்கள். 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு தர்ட் பார்ட்டி பிரீமியம் 2022 ஜூனிலிருந்து 3,416 ரூபாய், வரி தனி. அதோடு நிறுத்திக்கொள்வார்கள். வண்டியின் வயதைப் பார்க்கிறார்களே தவிர, அதில் ஏறுகிறவர்களின் வயதைப் பார்ப்பதில்லை.

ஈரோட்டில் நடந்த ஒரு வழக்கு இதற்குச் சாட்சி. காரில் போனவர் விபத்தில் இறந்துபோனார். 2019 டிசம்பரில் ஈரோடு தீர்ப்பாயம் குடும்பத்துக்கு 14 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வழங்கியது. கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது: இது ஆக்ட் பாலிசி, வண்டிக்குள் இருந்தவருக்கு இதில் பொறுப்பில்லை. அந்த வாதம் நின்றது. ஆனால் நீதிபதி எஸ்.வைத்தியநாதன் அதோடு விடவில்லை. புது வண்டி வாங்குகிறவரிடம் ஷோரூம்காரர் இதையெல்லாம் எடுத்துச் சொல்வதில்லை என்று வருத்தப்பட்டு, 2021 செப்டம்பர் 1 முதல் விற்கும் எல்லாப் புது வண்டிக்கும் ஐந்து வருஷத்துக்கு, ஓட்டுகிறவரையும் உள்ளே இருப்பவரையும் சேர்த்து, பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம் என்று ஆகஸ்டில் உத்தரவு போட்டார். வண்டிக் கம்பெனிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் கலங்கிப்போயின. நடைமுறைக்கு ஒவ்வாது என்று முறையிட்டார்கள். செப்டம்பர் 13 அன்று நீதிமன்றமே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பேப்பரில் முதல் செய்தி கொட்டை எழுத்தில் வந்தது, இரண்டாவது உள்பக்கத்தில் போனது. இன்றைக்கும் சிலர் என்னிடம், “அதான் கோர்ட்டே அஞ்சு வருஷம் கட்டாயம்னுட்டே!” என்கிறார்கள். கட்டாயம் என்று நிலைத்திருப்பது வேறொன்று. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னபடி, புதுக் காருக்கு மூன்று வருஷம், பைக்குக்கு ஐந்து வருஷம் தர்ட் பார்ட்டி மொத்தமாக எடுத்தாக வேண்டும். அதுவும் தர்ட் பார்ட்டிதான். உள்ளே இருப்பவரைப் பற்றி அது பேசாது.

சரி, ஓட்டுகிறவர்? தன் தவற்றால் தானே அடிபட்ட வண்டிக்காரர் மூன்றாமவர் ஆகமாட்டார். அவருக்கு இருப்பது சொந்த விபத்துக் காப்பீடு மட்டும். 2018 வரை காருக்கு அது 2 லட்சம், பைக்குக்கு 1 லட்சம். சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 15 லட்சம் ஆயிற்று. இதிலும் ஒரு கண்ணி. வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அவருக்கு லைசென்ஸும் இருந்தால்தான் இந்தப் பதினைந்து லட்சம். நம் பக்கத்தில் கார் அப்பா பெயரில் இருக்கும். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. மகன் ஓட்டுவார், இல்லாவிட்டால் மாமனார் காரை வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை வேளாங்கண்ணிக்குப் போவார். புளியமரத்தில் மோதினால் மாப்பிள்ளைக்கு அந்தக் காப்பீடு இல்லை. இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறவர் என்பது உச்ச நீதிமன்றத்தின் கணக்கு. ஆகவே தர்ட் பார்ட்டியும் இல்லை.

இதற்குத் தலைகீழான சங்கடமும் வரும். வண்டியை விற்றுவிட்டு ஆர்.சி. மாற்றாமல் விடுவது. “வாங்குனவரு பாத்துக்கிறேன்னாரு” என்று கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். வண்டி மூன்று கை மாறியிருக்கும். எங்கேயோ மன்னார்குடி ரோட்டில் இடித்துவிட்டு, பாலிசியும் காலாவதியாகியிருந்தால், சம்மன் பட்டுக்கோட்டையில் இருக்கிற பழைய ஆளுக்கு வரும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, நாங்கள் என்ன பதில் மனு போட்டாலும் எடுபடுவதில்லை.

இதெல்லாம் கார்க் கதை. டெல்டாவில் பற்றாக்குறை கடுமையாக அடிப்பது டிராக்டரிலும் லோடு வண்டியிலும்தான்.

ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமம். சம்பா நடவு நேரம். விடியற்காலையில் பஸ் இல்லாத ஊருக்கு நடவு ஆட்களை எப்படிக் கூட்டிப்போவது? டிராக்டர் டிரெய்லரில்தான். கல்லணைக் கால்வாயிலிருந்து பிரிகிற வாய்க்கால் கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நடவு முடிந்த வயல். பொழுது சாயும் நேரத்தில் திரும்பும்போது மதகு வளைவில் டிரெய்லர் சக்கரம் கரையை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. ஒரு அம்மா அங்கேயே போய்விட்டார். சில பேருக்கு இடுப்பெலும்பு, கால் எலும்பு. டிராக்டர்காரர் ஓடி ஒளிகிற ஆளில்லை. தானே தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் மெடிக்கலுக்கு வந்தார், கையிலிருந்த பணத்தைச் செலவழித்தார், எங்கள் ஆபீசுக்கு வந்து, “இன்சூரன்ஸ் இருக்கு, அவங்களுக்கு நல்லாக் கிடைக்கணும்” என்றார். இருந்தது. டிராக்டருக்கு இருந்தது. டிராக்டரில் இருக்கிற சீட்டு ஒன்று, டிரைவர் சீட்டு. டிரெய்லரைப் பற்றி பாலிசியில் பேச்சே இல்லை.

சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிறவர்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது 2002, 2003 வாக்கில். சரக்கோடு போகும் சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய ஆளுக்கும் 1994 திருத்தம் இடம் கொடுத்திருக்கிறது. கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையோடு போகிற விவசாயிக்கு ஆகவே வழி உண்டு. நடவுக்குப் போகிற பெண்ணுக்கு அதே வண்டியில் வழி இல்லை. அவர்கள் ஆசைப்பட்டா டிரெய்லரில் ஏறுகிறார்கள்? காலை ஐந்தரைக்கு ஒரு பஸ் விட்டால் ஏறமாட்டார்கள். விபத்து நடந்த மறுநாள் ‘சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றினால் நடவடிக்கை’ என்று அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பில் பஸ் நேரம் எழுதியிருந்து நான் பார்த்ததில்லை.

இம்மாதிரிக் கேஸ்களில் நீதிமன்றம் பல நேரம் ஒரு நடுவழி எடுக்கும். பே அண்ட் ரெக்கவர். அதாவது கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டிவிட வேண்டும். பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். லைசென்ஸ் இல்லாத டிரைவர் போன்ற விதிமீறல்களுக்கு 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு விரிவாக வழி வகுத்தது. சரக்கு வண்டியில் ஏறியவர்களுக்கு எல்லா நேரமும் இது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கேஸுக்குக் கேஸ் மாறும். ஒரத்தநாட்டுக் கேஸில் கிடைத்தது. பெண்களுக்குப் பணம் வந்தது. டிராக்டர்காரரும் நிம்மதியாகப் போனார்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு மஞ்சப்பையில் நோட்டீசைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். “கேஸ் முடிஞ்சிட்டுன்னுல்ல நெனச்சேன் அய்யா.” கம்பெனி போட்ட ஈ.பி., நிறைவேற்று மனு. தனியாக வழக்குப் போட வேண்டியதில்லை, அதே தீர்ப்பை வைத்தே கம்பெனி வசூலில் இறங்கலாம். அசல் தொகையோடு ஏழரை சதவீத வட்டி. அவருக்கு இருந்தது ஒன்பது மா, ஏக்கரில் மூன்று. டிராக்டர் லோன் இன்னும் அடையவில்லை.

ஜப்திக்குச் சட்டத்தில் விலக்குகள் உண்டு. விவசாயியின் குடியிருக்கிற வீடு, உழவுக் கருவி, மாடு, விதைநெல் ஆகியவற்றைப் பிழைப்புக்குத் தேவையான அளவு விட்டுவைக்கச் சொல்கிறது சிவில் நடைமுறைச் சட்டம். விதைநெல்லை விட்டுவிடும், விதைக்கிற நிலத்தை எடுத்துக்கொள்ளும். கலெக்டருக்குச் சான்று அனுப்பி, நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கவும் மோட்டார் சட்டத்தில் வழி இருக்கிறது. நிலமில்லாத டிரைவர் மேல் தீர்ப்பு வாங்கினால் அது பீரோவில் கிடக்கும்; பட்டா வைத்திருப்பவன் மேல் வாங்கினால் அது காசு. காவிரிப் பாசனத்தில் பாலிசி விட்ட இடத்தை நிரப்பும் கடைசி இன்சூரன்ஸ் கம்பெனி பட்டாதான் என்று எங்கள் சீனியர் சொல்வார். அவர் சிரிப்புக்காகச் சொன்னதில்லை.

அந்த டிராக்டர்காரர் விஷயத்தில் லோக் அதாலத்தில் பேசி வட்டியைக் குறைத்தோம், தவணை வாங்கினோம். ரோட்டோரத்து மூன்று மா போயிற்று. மீதி ஆறு மாவில் நடவுக்கு அதே தெருப் பெண்கள்தான் வருகிறார்கள். இப்போது ஷேர் ஆட்டோவில், கூலியோடு சேர்த்து வண்டி வாடகையும் கொடுத்து.

அரசாங்க பஸ் இடித்தால் கதை வேறு. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு; தாமே நிதி வைத்துக் கட்ட வேண்டும். கட்டத் தாமதமானால் கோர்ட்டு அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே போய் பஸ்ஸை ஜப்தி செய்வார், பயணிகள் பையோடு இறங்கி அடுத்த பஸ் தேடுவார்கள். தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கிறவருக்கு இது பழகிய செய்தி. பஸ் கோர்ட்டு வளாகத்தில் நின்றால் பணம் சீக்கிரம் வந்துவிடும் என்பது எங்கள் அனுபவம்.

வண்டிக்கான பணத்திலும் துண்டு விழும். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டை நெல் காய அடைத்துக்கொண்டு, ஓரத்தில் கருங்கல் வைத்திருப்பார்கள். இரவில் அதைத் தவிர்க்கப் போய் மைல்கல்லில் மோதிய ஏழு வருஷக் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கேஜ் பாலிசி உண்டு. ஒர்க்‌ஷாப் பில் 1,20,000. பம்பர் முதலிய பிளாஸ்டிக் 40,000, தகரம் 50,000, கண்ணாடி 8,000, கூலி 22,000. பிளாஸ்டிக்குக்குப் பாதி கழிவு. ஐந்து முதல் பத்து வருஷ வண்டியின் இரும்புப் பாகத்துக்கு 40 சதவீதம் கழிவு. கண்ணாடிக்கும் கூலிக்கும் கழிவில்லை. ஆக 80,000; அதில் கட்டாயக் கழிவு 1,000 போக, 79,000. மீதி 41,000 கைக்காசு. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சண்டைக்குப் போகிறார்கள்; கணக்கு பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. இந்தக் கழிவு வேண்டாம் என்றால் ஜீரோ டெப் என்று கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். பழைய வண்டிக்கு அதையும் எளிதில் கொடுக்கமாட்டார்கள்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றை ஜனங்கள் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். அடிபட்டதும் ஆஸ்பத்திரியில், “போலீஸ் கேஸ் வேண்டாம், பைக்லேர்ந்து தானா விழுந்தாருன்னு எழுதிக்குங்க” என்பார்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறும். ஏ.ஆர். காப்பி என்று நாங்கள் சொல்கிற அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் ஆளை உட்கார வைத்துவிடுவார். மருத்துவச் செலவுக்குப் பயந்து பொய் சொல்லவும் இப்போது அவசியமில்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டாம். முதலில் 1 லட்சம் என்றிருந்த வரம்பு பிறகு 2 லட்சமாயிற்று. 2025 மே முதல் மத்திய அரசின் திட்டமும் இருக்கிறது: ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் வரை. இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று இரண்டிலும் முதலில் பார்ப்பதில்லை.

இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000. 2022 ஏப்ரல் வரை இது 25,000-மும் 12,500-மும்தான். வருவாய்த் துறையிடம் மனுப் போட வேண்டும், கோர்ட்டு வேண்டாம். வண்டி கிடைத்து, இன்சூரன்ஸ் இல்லை என்றால், ஈட்டுத்தொகை கட்டாமல் ஸ்டேஷனிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பது விதி. ஆகவே எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, வண்டி ஸ்டேஷனை விட்டு நகருமுன் வாருங்கள் என்று. நகர்ந்துவிட்டால் அப்புறம் அது யார் பெயரில் எங்கே ஓடுகிறது என்று தேட வேண்டியதுதான்.

மனுப் போடக் கெடு ஆறு மாதம் என்று 2022 ஏப்ரலில் வந்திருக்கிறது. அது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், தாமதத்தை மட்டும் காட்டி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அதை நம்பிக் கருமாதி, வருஷத் திதி எல்லாம் முடித்து வருகிறேன் என்று யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

குடும்பத்தோடு வருகிறவர்களிடம் எஃப்.ஐ.ஆர். காப்பிக்கு அடுத்து நான் வாங்கிப் பார்ப்பது, இறந்தவரின் பேங்க் பாஸ்புக்கை. மே, ஜூன் மாத வரவுசெலவில் 20 ரூபாய் பிடித்தம் இருக்கிறதா என்று தேடுவேன். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம், பதினெட்டு முதல் எழுபது வயது வரை. யார் மேல் தவறு, வண்டிக்கு எந்தப் பாலிசி, டிரெய்லரில் எதற்கு ஏறினார் என்ற எந்தக் கேள்வியும் அதில் இல்லை. வழக்கில் கிடைப்பதையும் அது குறைக்காது. நூறு நாள் வேலைச் சம்பளத்துக்காகக் கணக்குத் தொடங்கிய பெண்கள் பலருக்கு, பேங்கில் எப்போதோ கையெழுத்து வாங்கிச் சேர்த்துவிட்டிருப்பார்கள். வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. பாலிசி வருஷம் ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. மே கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாவிட்டால் பிடித்தம் நடக்காது, பாலிசியும் நின்றுவிடும்.